வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) சமையலறையில் பை முறை பீர்: ஒரு தொடக்கத் தொகுப்பில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

டப்பாவில் வரும் மால்ட் எக்ஸ்ட்ராக்டைத் தண்ணீரில் கரைத்து வீட்டில் பீர் தயாரித்துப் பழகியவர்கள், அடுத்த கட்டமாகத் தானியத்திலிருந்தே தொடங்குவதற்கென்று சிங்கப்பூரில் உள்ளூர்க் கடையொன்று விற்கும் தொகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. மூடியுடன் கூடிய 19 லிட்டர் எவர்சில்வர் பானை, அந்தப் பானையின் உட்புறம் முழுவதையும் நிறைக்குமளவுக்குத் தைக்கப்பட்ட வலைத்துணிப் பை (தானியம் இதற்குள்தான் ஊறும்), டிஜிட்டல் வெப்பமானி, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், குளிர்விப்பதற்கான தாமிரச் சுருள், அரைத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், செய்முறைக் கையேடு ஆகியவை இதில் உள்ளன. அரைநாள் வகுப்பு ஒன்றும் விலைக்குள் அடக்கம். பானையும் பையும் கொடுத்த பணத்துக்கு மேலாகவே உழைக்கின்றன. தாமிரச் சுருள் இந்த ஊருக்குத் தேவையற்ற பொருள். கையேடு வேறொரு பருவநிலையையும் வேறோர் அளவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடையின் பெயரை நான் குறிப்பிடாததற்குக் காரணம், இங்கே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இத்தகைய தொகுப்புகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதே.

எக்ஸ்ட்ராக்ட் முறையே தாழ்ந்தது என்ற எண்ணம் எனக்கு இல்லை. பார்லியை முளைகட்டி உலர்த்துவது, வெந்நீரில் ஊறவைத்து அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது, கிடைத்த சாற்றைத் தேன் பதத்துக்குச் சுண்டவைப்பது ஆகிய எல்லாவற்றையும் தொழிற்சாலையே செய்துவிடுவதால், வீட்டில் இருப்பவருக்குக் கரைப்பதும் ஈஸ்ட் சேர்ப்பதும் மட்டுமே மிச்சம். ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் நிறுவனத்துடைய 1.7 கிலோ டப்பாவில் சர்க்கரை சேர்த்து 23 லிட்டர் பீர் எடுத்துத்தான் இங்குள்ள பலரும் கைபழகியிருப்பார்கள். புதிதாகத் தயாரான எக்ஸ்ட்ராக்டில் நல்ல பீர் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் திரவ எக்ஸ்ட்ராக்ட் வெப்பத்தால் மூப்படைகிற பொருள். சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையே நடக்கும் மெயிலார்ட் வினை, டப்பா அலமாரியில் சும்மா இருக்கும்போதும் மெல்ல நடந்துகொண்டேதான் இருக்கிறது. வெப்பம் கூடக்கூட அதன் வேகமும் கூடும். கப்பலின் கொள்கலனில் பூமத்தியரேகைப் பகுதிக்கு வந்து, கிடங்கில் காத்திருந்து, குளிரூட்டப்படாத அலமாரியில் சில மாதங்கள் கழித்த டப்பா எதுவாக இருந்தாலும், வெளிர்நிற பீருக்கென்று வாங்கியது செம்பழுப்பாக முடிவதற்கும், விழுங்கிய பின் நாவில் ஒருவிதப் பழைய பாகுச் சுவை தங்குவதற்கும் வாய்ப்பு அதிகம். தூள் எக்ஸ்ட்ராக்ட் இந்த விஷயத்தில் சற்று மேல். என்றாலும் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் இங்குள்ள ஈரப்பதத்தை உறிஞ்சிக் கல்லாக இறுகிவிடும். அரைக்கப்படாத மால்ட் மணிகளோ காற்றுப் புகாத டப்பாவில் பல மாதங்கள் தாங்குகின்றன. ஆகவே, தானியத்துக்கு மாறுவதைத் தேர்ச்சியின் அடுத்த படியாகப் பார்ப்பதைவிட, புதிய மூலப்பொருள் கிடைப்பதற்கான வழியாகப் பார்ப்பதே சிங்கப்பூரில் பொருத்தம்.

இதே தொகுப்பு 40 லிட்டர் பானையுடனும் கிடைக்கிறது. கடைக்காரர்கள் அதைத்தான் அழுத்திப் பரிந்துரைக்கிறார்கள். ‘பிறகு பெரிதாக்க வேண்டும் என்று தோன்றும்’ என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுங்கத்துறையின் விதிப்படி, 18 வயது நிரம்பியவர் தம் வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்காக, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல் நொதித்த மதுவை உரிமம் இல்லாமல் தயாரித்துக்கொள்ளலாம். அதை விற்கக் கூடாது, வாலையில் வடிக்கும் சாராயத்துக்கு இந்த அனுமதி பொருந்தாது. 23 லிட்டராக ஒரே தடவையில் தயாரித்தால் அந்த மாத ஒதுக்கீட்டில் 7 லிட்டர்தான் மீதம். அதைக் கொண்டு உருப்படியாக வேறெதையும் செய்ய முடியாது. பத்துப் பத்து லிட்டராகச் செய்தால் ஒரே மாதத்தில் மூன்று வகை பீரைத் தயாரித்துப் பார்க்கலாம். தானிய முறையைப் புதிதாகக் கற்பவருக்கு, ஒரே பீரின் அறுபதுக்கும் மேற்பட்ட புட்டிகளைவிட, மூன்று தடவை செய்து பெறும் கைப்பழக்கமே பெரிய லாபம்.

அளவைக் குறைப்பதற்கு அதைவிட அழுத்தமான காரணம் அடுப்பு. பை முறையில், தேவையான தண்ணீர் முழுவதையும் தொடக்கத்திலேயே பானையில் ஊற்றி, தானியத்தை அதற்குள் தொங்கும் பையில் கொட்டி, ஊறியபின் பையை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, அதே பானையில் கொதிக்கவைக்கிறோம். மற்ற தானிய முறைகளில் ஊறவைக்க ஒரு கலம், மேலே ஊற்றிக் கழுவும் வெந்நீருக்கு ஒரு கலம், கொதிக்க ஒன்று என்று மூன்று வேண்டியிருக்க, 2000-களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலிய வீட்டுத் தயாரிப்பாளர்கள் பரவலாக்கிய இந்த முறை எல்லாவற்றையும் ஒரே பானைக்குள் அடக்கிவிட்டது. 10.5 லிட்டர் சாறு நொதிகலத்துக்குள் போக வேண்டுமானால், தானியம் உறிஞ்சிக்கொள்வது, கொதியில் ஆவியாவது, அடியில் தங்கும் கசடு ஆகியவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 15.5 லிட்டர் தண்ணீர் எடுக்க வேண்டும், 2.4 கிலோ தானியத்தைக் கொட்டியதும் மட்டம் 17 லிட்டரை எட்டும். 19 லிட்டர் பானைக்கு இது கச்சிதம். 2 கிலோவாட் இண்டக்ஷன் அடுப்பில் இவ்வளவு நீர் குழாய் வெப்பநிலையிலிருந்து 68 பாகை செல்சியஸுக்கு வர அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது, பிறகு கொதிநிலையையும் எட்டிவிடுகிறது. 23 லிட்டர் கணக்குக்கு 30 லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். அதைக் கொதியில் வைத்திருக்க வீட்டு அடுப்பு திணறும். சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் அதிகபட்சம் 3 கிலோவாட் அளவுக்குத்தான் இழுக்கலாம். அதோடு, ஈரத்தில் பத்துக் கிலோவைத் தொடும் பையை வெந்நீர்ப் பானைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது வீவக சமையலறையில் விரும்பத்தக்க காரியம் அல்ல. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே துணி காயப்போடும் மூங்கில் கழியை வைத்துத் தொங்கவிடலாம் என்று வகுப்பில் ஒருவர் யோசனை சொன்னார். அவர் வீட்டு மூங்கில் எப்படியோ, எங்கள் வீட்டுக் கழியை நம்பி நான் அந்த வேலையில் இறங்க மாட்டேன்.

பையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தொகுப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. மெல்லிய திரைச்சீலைக்குப் பயன்படும் ‘வாயில்’ (voile) வகைப் பாலியெஸ்டர் துணி; கண்ணுக்குப் பிடித்துப் பார்த்தால் எதிரே இருப்பது தெரியுமளவுக்கு நெருக்கமான, ஆனால் திறந்த பின்னல். மாவு அடைத்துக்கொள்வதில்லை, உமி வெளியே வருவதில்லை. சில மலிவான பைகளில் மேல்விளிம்பில் மட்டும் பிடிகளைத் தைத்துவிடுகிறார்கள். எடை முழுவதும் அந்த நான்கு தையல்களில் இறங்கும். இதில் பிடிநாடாக்கள் பக்கவாட்டில் இறங்கி அடிப்பகுதியைச் சுற்றி மறுபக்கம் ஏறுகின்றன, தையலும் இரட்டை. ஊறியபின் ஏறத்தாழ நான்கு கிலோவாகும் பையைத் தூக்கும்போது நாடாக்கள் விறைத்துக்கொள்கின்றனவே தவிர தையல் எங்கும் வாய்பிளக்கவில்லை. தூக்கியதும் பானையின் வாயில் ஒரு கம்பித் தட்டை வைத்து, அதன்மேல் பையை உட்காரவைத்துவிட்டால், கைவலியின்றி அது தானாகவே வடியும். அந்தத் தட்டைத் தொகுப்பிலேயே சேர்த்திருக்கலாம். பையைப் பிழிந்தால் துவர்ப்பு இறங்கிவிடும் என்று பலர் எச்சரிப்பதுண்டு. உமியிலிருந்து துவர்ப்பை இழுப்பது அதிக வெப்பமும் அமிலத்தன்மை குறைந்த நீருமே, கையழுத்தம் அன்று. தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தாராளமாகப் பிழியலாம், அரை லிட்டருக்கும் மேல் நல்ல சாறு மிச்சப்படும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பை உள்ளே இருக்கும்போது அடுப்பை மீண்டும் பற்றவைக்க நேர்ந்தால், துணி பானையின் அடியைத் தொடாமலிருக்கத் துளைகளுள்ள தட்டு ஒன்றை அடியில் போட வேண்டும், பாலியெஸ்டர் நேரடிச் சூட்டைத் தாங்காது.

அரைத்த மால்ட்தான் எனக்கு மனக்குறை தந்த பொருள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பியபோது, ஐந்தில் ஒரு மணி உடையாமல் முழுசாகவே கிடந்தது. இன்னும் சில, நடுவே கீறல் விட்டதோடு சரி. உடையாத மணிக்குள் இருக்கும் மாவுச்சத்தை நீர் எட்டுவதே இல்லை. சரியாக அரைத்த மால்டில் ஒவ்வொரு மணியும் மூன்று நான்கு துண்டுகளாகவும், உமி பெரும்பாலும் முழுமையாகவும் இருக்கும். விரல்களுக்கிடையே தேய்த்தால் வெண்மாவு ஒட்டும். பை முறைக்கு இன்னும் நுணுக்கமாகவே அரைக்கலாம், ஏனென்றால் இங்கே வடிகட்டும் வேலையை உமி செய்வதில்லை, துணிதான் செய்கிறது. கடையில் கேட்டால் இயந்திரத்தில் இரண்டாம் முறை ஓட்டித் தருகிறார்கள், கூடுதல் கட்டணமும் இல்லை; ஆனால் கேட்க வேண்டும் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? அரைத்த மால்ட் வெகு விரைவில் ஈரம் கோத்துக்கொள்வதால், பொட்டலத்தின் மேல் அரைத்த தேதியை அச்சிடாமல் விற்பதும் சரியன்று.

மால்டின் தரத்தைப் பற்றிக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து வையர்மன் நிறுவனத்தின் பேல் (வெளிர்) மால்டும், நிறத்துக்குச் சிறிதளவு கேரமல் மால்டும் கலந்திருந்தன. ஊறவைத்த இருபது நிமிடங்களில் வீடு முழுக்க ஹார்லிக்ஸ் மணம் பரவியது. மணத்துக்குக் காரணம் எளிது: ஹார்லிக்ஸின் அடிப்படையும் முளைகட்டிய பார்லிதான்.

இப்போது கையேட்டுக்கு வருகிறேன். தானியம் போடும்போது நீர் 72 பாகை இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு கிலோ தானியத்துக்கு மூன்று லிட்டர் நீர் என்ற கெட்டியான கலவைக்கு, குளிர்நாட்டுக் கிடங்கிலிருந்து எடுத்த தானியத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். பை முறையில் ஒரு கிலோவுக்கு ஆறு லிட்டருக்கு மேல் நீர் இருக்கிறது. நம் வீட்டுத் தானியமோ ஏற்கெனவே 28, 29 பாகையில் இருக்கிறது. ஆகவே தானியம் விழுந்ததும் வெப்பம் இரண்டரைப் பாகைதான் இறங்கும். 66 பாகையில் ஊறவைக்க விரும்பினால் நீரை 68 அல்லது 68.5 பாகைக்குச் சூடாக்கினால் போதும். கையேட்டின்படி செய்தால் கலவை 69.5 பாகையில் நிற்கும். இதனால் பீர் கெட்டுப்போகாது, ஆனால் வேறொன்றாகிவிடும். 60 முதல் 65 பாகைவரை நன்கு இயங்கும் பீட்டா அமைலேஸ் நொதியம்தான் ஈஸ்ட் தின்னக்கூடிய மால்டோஸை அதிகம் தருகிறது; அதற்கு மேலே போனால் அது விரைவில் செயலிழந்து, மற்றொரு நொதியமான ஆல்ஃபா அமைலேஸின் கை ஓங்கி, ஈஸ்ட் தொடாத நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள் மிகும். விளைவு, 1.010-க்கு (தண்ணீர் 1.000) இறங்க வேண்டிய அடர்த்தி 1.015 அளவில் நின்று, வாயில் கனமாகவும் இனிப்பாகவும் படும் பீர். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வறண்டு முடியும் பீரே இதமானது என்பது என் எண்ணம். அதற்கு 65 அல்லது 66 பாகையே சரி.

அதே பக்கத்தில், ஒரு மணி நேரத்தில் ஐந்து பாகைவரை இறங்கும் என்று அஞ்சிப் பானையைக் கம்பளியால் சுற்றச் சொல்கிறார்கள். 30 பாகைச் சமையலறையில் அவ்வளவு இறங்குவதில்லை. மூடி போட்டு, பானையைச் சுற்றிப் பழைய துண்டு ஒன்றைக் கட்டினால் இரண்டு பாகைக்குள் நிற்கிறது. ஊறல் முடிந்ததா என்று பார்க்க, வெள்ளைப் பீங்கானில் சில சொட்டுச் சாற்றை விட்டு அதன்மேல் ஒரு சொட்டு அயோடினை விடலாம்: கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இன்னும் மீதமிருக்கிறது, பழுப்பாகவே இருந்தால் மாற்றம் முடிந்துவிட்டது. சோதித்த சொட்டுகளைத் திரும்பப் பானைக்குள் ஊற்றக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றிக் கையேடு ஒரு வரியும் எழுதவில்லை. சிங்கப்பூரின் குழாய் நீரைக் கிருமிநீக்கம் செய்வதற்குக் குளோரமின் பயன்படுகிறது. குளோரினைப் போல அது எளிதில் ஆவியாகிவிடாது. இரவு முழுதும் திறந்துவைத்தாலும் பெருமளவு அப்படியே இருக்கும். மால்டிலும் ஈஸ்டிலும் உள்ள ஃபீனால்களோடு அது சேரும்போது மருந்துக் கட்டுத்துணியை நினைவூட்டும் வாடை பீரில் வரும். தீர்வு மிக மலிவானது: கேம்ப்டன் மாத்திரை எனப்படும் மெட்டாபைசல்ஃபைட்டில் ஒரு மாத்திரை ஏறத்தாழ 75 லிட்டருக்குப் போதும் என்பதால், நம் 15.5 லிட்டருக்குக் கால் மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இந்தச் சில காசு மாத்திரையைத் தொகுப்பில் வைக்காமல் தாமிரச் சுருளை வைத்தது எனக்குப் புரியவில்லை. முழு நீரையும் ஒரே தடவையில் சேர்ப்பதாலும் வெளிர் மால்ட் அதிகம் இருப்பதாலும் கலவையின் பி.எச். உயர்ந்தே நிற்கும், 5.2 முதல் 5.6 வரை இருப்பது நல்லது. வையர்மனின் அமில மால்டைத் தானிய எடையில் ஒரு விழுக்காடு சேர்த்தால் பி.எச். ஏறத்தாழ 0.1 இறங்கும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. இரண்டு மூன்று விழுக்காடு சேர்ப்பதில் தவறில்லை.

கொதியில் அதிகம் சொல்வதற்கில்லை. பொங்கும் முதல் பத்து நிமிடங்கள் பக்கத்திலிருந்து நகரக் கூடாது. அதன்பின் ஒரு மணி நேரத்தில் இரண்டரை லிட்டருக்கு மேல் நீராவியாகச் சமையலறைக்குள் வருமென்பதால் சன்னல்களை அகலத் திறந்து வைக்க வேண்டும். மூடியை முழுவதும் மூடிக் கொதிக்கவைப்பது தவறு. வேகவைத்த சோளத்தின் வாடையைத் தரும் டைமெதில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேற வேண்டும். தொகுப்பில் வந்த ஹாப்ஸ் காற்று நீக்கிய பொட்டலத்தில், குளிர்பதனப் பெட்டியிலிருந்தே எடுத்துத் தரப்பட்டது. அதில் கடைக்கு முழு மதிப்பெண்.

தாமிரச் சுருளுக்கு வருவோம். கொதித்த சாற்றுக்குள் சுருளை இறக்கி, அதன் வழியே குழாய் நீரை ஓடவிட்டால் சூடு வெளியேறும் என்பது தத்துவம். குளிர்நாட்டில் 12 பாகையில் வரும் நீர் அரைமணிக்குள் சாற்றை 20 பாகைக்குக் கொண்டுவந்துவிடும். நம் குழாயில் வரும் நீரே 28 பாகைக்குக் குறையாதபோது, சாறு முப்பதின் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறது; கடைசிப் பத்துப் பாகை இறங்குவதற்குள் ஓடி வீணாகும் தண்ணீரைப் பார்த்தால் மனம் பதறும். சமையலறைக் குழாயின் வாயில் சுருளின் ரப்பர்க் குழாய் சரியாகப் பொருந்துவதுமில்லை. பத்து லிட்டர் பீருக்கு இந்த ஆடம்பரம் வேண்டாம். கழுவுதொட்டியில் பானையை இறக்கித் தண்ணீரை இரண்டு முறை மாற்றினால் 45 பாகைக்கு வந்துவிடும். அதன்பின் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய பனிக்கட்டி மூன்று கிலோவைத் தொட்டியில் கொட்டிச் சாற்றைக் கிருமிநீக்கிய கரண்டியால் மெல்ல அசைத்துக் கொடுத்தால் 30-க்குக் கீழே இறங்குகிறது. இன்னொரு வழி, ஆஸ்திரேலியர்கள் தண்ணீர்த் தட்டுப்பாட்டை முன்னிட்டுக் கைக்கொண்டது: கொதிக்கும் சாற்றை அப்படியே உணவுத் தரமுள்ள, வெப்பம் தாங்கும் தடித்த பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடி, இரவு முழுதும் ஆறவிடுவது. சூடே கேனின் உட்புறத்தைத் தூய்மையாக்கிவிடும். 80 பாகைக்குக் கீழே வரும்வரை ஹாப்ஸின் கசப்பு இறங்கிக்கொண்டே இருக்குமென்பதால், மணத்துக்காகக் கடைசியில் போடும் ஹாப்ஸை மட்டும் இம்முறையில் குறைத்தோ தள்ளியோ போட வேண்டும். சுருள் இல்லாமல் தொகுப்பைத் தரும்படி கேட்டேன். முதலில் மறுத்த கடை, பின்னர் அதே மதிப்புக்கு மால்ட் தர ஒப்புக்கொண்டது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

ஈஸ்ட் தேர்விலும் இதே கோளாறு. அமெரிக்க ஏல் (ale) என்னும் பீர் வகைக்கான ஈஸ்ட் ஒரு பொட்டலம்; ‘அறை வெப்பநிலையில் வைக்கவும்’ என்ற குறிப்பு. எந்த ஊர் அறை? அந்த வகை ஈஸ்ட் 18 முதல் 22 பாகையில்தான் தூய்மையாக நொதிக்கும். இங்கே அறையே 29, 30 பாகை. நொதிக்கும்போது வெளிப்படும் சூட்டையும் சேர்த்தால் கலத்துக்குள் இன்னும் சில பாகை கூடும். தொண்டையில் எரியும், பெயிண்ட் கரைப்பானின் சாயலுள்ள பீர்தான் மிஞ்சும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய தனிக் குளிர்பதனப் பெட்டி இருப்பவருக்கு இது பொருட்டன்று. நான்கறை வீட்டில் இரண்டாவது குளிர்பதனப் பெட்டிக்கு இடம் கேட்டுப் பெறுவது அவரவர் குடும்பச் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. அது வாய்க்காதவர்களுக்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகப் பேணப்பட்டுவந்த க்வைக் ஈஸ்ட் பெரிய வரம். லாலமண்ட் நிறுவனம் உலர்தூளாக விற்கும் வாஸ் க்வைக், 35 முதல் 40 பாகையில்தான் தன் முழுத் திறத்தையும் காட்டுகிறது. மெல்லிய ஆரஞ்சு மணத்தைத் தவிர வேறு குறும்பு செய்வதில்லை, சில நாட்களிலேயே நொதித்தும் முடிக்கிறது. நம் அறை வெப்பம் அதற்குக் குளிர்காலம் போல. அதே கடையின் அலமாரியிலேயே அது இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சிங்கப்பூரில் விற்கும் தொகுப்புக்குள் அதை வைப்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஹைட்ரோமீட்டர் சரியாகவே காட்டுகிறது. ஆனால் அது 20 பாகைக்கு அளவிடப்பட்டது. 30 பாகைச் சாற்றில் மிதக்கவிட்டால் காட்டும் எண்ணோடு 0.002 முதல் 0.003 வரை கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு முறை அரைத்த மால்டும் 66 பாகை ஊறலும் சேர்ந்தபோது, 2.4 கிலோவிலிருந்து 10.5 லிட்டர் சாறு 1.048 அடர்த்தியில் கிடைத்தது; தானியத்தின் சர்க்கரையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நமக்கு வந்துவிட்டது என்று பொருள். 1.010-இல் முடிந்தால் ஆல்கஹால் 5 விழுக்காடு. அரைவையைத் திருத்தாமல் பொட்டலத்தை அப்படியே பயன்படுத்தியிருந்தால் இந்த எண் நிச்சயம் சரிந்திருக்கும்.

எஞ்சும் சக்கையை என்ன செய்வது என்ற கேள்வி வீட்டில் கட்டாயம் எழும். இந்தப் புழுக்கத்தில் ஈரச் சக்கை சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். இறுகக் கட்டிய பையில் போட்டு அன்றே குப்பைக் குழாயில் சேர்த்துவிட வேண்டும், இல்லையேல் கரப்பான்கள் முந்திக்கொள்ளும். ஒரு பங்கை அடுப்பில் உலர்த்திப் பொடித்துச் சப்பாத்தி மாவில் கலக்கலாம். நார்ச்சத்து ஏறும், மென்மை குறையும். எங்கள் வீட்டில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை.

வகுப்பு பாதிதான் பயன்பட்டது. நடத்தியவர் விஷயம் தெரிந்தவர், கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் செயல்விளக்கம் முழுவதும் விலையுயர்ந்த மின்னியந்திரத்தில் நடந்தது. பம்பு, நிலைவெப்பக் கருவி எல்லாம் உள்ள அந்த இயந்திரம் தானாகச் செய்வதை, பானையும் பையும் வாங்கியவர் கையால் செய்ய வேண்டும்; அதைப் பார்க்கத்தானே அவர் வந்திருக்கிறார்? கிருமிநீக்கத்தைப் பற்றிய பகுதி மட்டும் மிக நன்றாக இருந்தது.

செலவுக் கணக்கு பார்ப்பவர்களுக்கு: ஒரு கிலோ திரவ எக்ஸ்ட்ராக்ட் தரும் சர்க்கரையைப் பெற, 70 விழுக்காடு திறனில், ஏறத்தாழ 1.4 கிலோ தானியம் வேண்டும். அப்படியும் அதே கடையில் தானியமே தெளிவாக மலிவு. கடையில் வாங்கும் பீரோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் பெரிது. பீரில் உள்ள ஆல்கஹாலின் ஒவ்வொரு லிட்டருக்கும் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கலால் தீர்வை என்பதால், 5 விழுக்காடுள்ள 330 மில்லி கேனில் ஏறத்தாழ 1 வெள்ளி அதற்கே போய்விடுகிறது, பொருள் சேவை வரி தனி. ஆனால் டப்பா முறையில் முக்கால் மணியில் முடிகிற வேலை இங்கே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அந்தப் பிற்பகல் யாருக்குச் சுமையாகத் தோன்றுமோ, அவர் இத்தொகுப்பை வாங்க வேண்டாம். புதிய தேதியிட்ட எக்ஸ்ட்ராக்டோடு அரைக்கிலோ தானியத்தைத் தனியே ஊறவைத்துச் சேர்க்கும் இடைப்பட்ட வழியே அவருக்குப் போதும்.

வாங்க முடிவு செய்பவர்கள் 19 லிட்டர் தொகுப்பையே கேட்கவும். சுருளை மால்டாகவும், ஈஸ்டை வாஸ் க்வைக்காகவும் மாற்றித் தரச் சொல்லவும், கேம்ப்டன் மாத்திரையைத் தனியே வாங்கிக்கொள்ளவும். அடுத்தடுத்த தடவைகளுக்குக் கடை விற்கும் அரைத்த பொட்டலங்களைத் தவிர்த்து, முழு மணியாக வாங்கி, தயாரிக்கப்போகும் வாரத்தில் எடுத்துச்சென்று அவர்கள் இயந்திரத்திலேயே இருமுறை அரைத்துக்கொள்ளலாம். அந்தச் சேவை இப்போதைக்கு இலவசம்.